சீமெண்ணெயும் பேட்டரிக் கட்டையும்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு பண்ணையில் ஆயில் இஞ்சின் ஓட்டினேன். உலகச் சண்டைக் காலம் அது. இஞ்சின் மேட்டில் இல்லை, கிணற்றுக்குள் இருந்தது. தண்ணீர் ஆழத்தில் கிடந்ததால் மேலே வைத்தால் குழாய் இழுக்காது. பாதிக் கிணற்றில் பாறையைக் குடைந்து ஓர் அறை செய்து அதில் இறக்கியிருந்தார்கள். புகை போக ஒரு குழாய் மேலே வரை ஏறும்.

என் வேலை அந்த அறையில். உச்சி வெயிலில் கொஞ்சம் வெளிச்சம் வரும். மற்ற நேரம் இருட்டு. இஞ்சின் ஓடினால் யார் கூப்பிட்டாலும் கேட்காது. அண்ணாந்தால் சோற்று வட்டில் அளவு வானம். நிலத்துக்காரரைப் பண்ணாடி என்போம். நாங்கள் குடியிருந்த வீடும் பண்ணாடியுடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அதனால் விடவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அதே கிணற்றில் முன்பு கவலை ஓட்டியவர். மாடு பூட்டித் தோல் பறியில் தண்ணீர் இறைக்கிற வேலை. இஞ்சின் வந்ததும் பறியும் வடமும் கொட்டகைக்குப் போய்விட்டன. அவர் மடை திருப்பினார், மாட்டைப் பார்த்துக்கொண்டார். நான் இறங்கும்போதெல்லாம் மேலே நின்று, "ஏனுங்க மாப்ள, பொந்துக்குப் பொறப்பட்டாச்சுங்களா?" என்பார்.

"உங்க மாடு தின்னுட்டுச் சும்மா படுத்திருக்குது. அதையப் போயிக் கேளுங்க மச்சா" என்பேன்.

கிணற்றில் இறங்கும் முன் கயிற்றில் லாந்தர் விட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது. சீமெண்ணெய் அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. கிடைத்த கொஞ்சமும் இஞ்சினின் தலையைச் சூடாக்கவே சரியாக இருந்தது. தலை சூடாகாமல் அந்த இஞ்சின் கிளம்பாது. லாந்தர் ஆணியில் தொங்கியது. பதிலுக்குப் பண்ணாடி ஒரு பேட்டரி லைட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேட்டரிக் கட்டை போட்டது. எண்ணெய்ச் செலவில்லை, புகையில்லை, எதற்கும் அணையாது என்றார். அணையாதுதான்.

அந்த வருஷம் இஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயும் ஒழுங்காக வரவில்லை. மிளகாய்ச் செடி வாடியது. பண்ணாடியின் மைத்துனர் லாரி ஓட்டுகிறவர். அவர் வந்திருந்தபோது, பேட்டரி வைத்து இஞ்சின் வேலையைச் செய்ய முடியாதா என்று பண்ணாடி கேட்டார். மைத்துனர் லாரிப் பேட்டரியைக் கழற்றி மச்சானைத் தூக்கச் சொன்னார். மச்சான் முகம் கோணத் தூக்கிக் கீழே வைத்தார். உள்ளே எல்லாம் ஈயம். மச்சான் கேட்டார்:

"இதுல எத்தன நேரம் தண்ணி எறைக்கலாமுங்க?"

"நீ வெத்தல மென்னு துப்பறதுக்குள்ள தீந்துரும்."

இத்தனை கனம் செய்கிற வேலையை ஒரு சொம்பு எண்ணெய் செய்துவிடும், மிச்சமும் இருக்கும் என்றார் மைத்துனர். மச்சான் விடவில்லை. சொம்பு எண்ணெய்க்கு அத்தனை பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அதை வெள்ளைக்காரன் வந்தால் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் எண்ணெய் கிடைத்தது. செடியைக் காப்பாற்ற விடாமல் ஓட்டினோம். ஒருநாள் மத்தியானம் இலை அசையவில்லை. இஞ்சினை ஓடவிட்டுச் சாப்பிட மேலே வந்திருந்தேன். சத்தம் இறங்கியது. இருமுவதுபோல் இருமி, இஞ்சின் தானாக நின்றது. தலை சூடாக இருக்கும்போதே கிளப்பினால் சீமெண்ணெய் மிச்சம். லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

புகைக்குழாயில் மூட்டு விட்டிருந்தது. அறைக்குள் புகை தேங்கி நின்றது. லைட் பளிச்சென்று எரிந்தது. உள்ளே போனேன். சக்கரத்தில் கை வைத்தேன், தள்ள முடியவில்லை. முழங்கால் மடங்கியது. காதில் இரைச்சல். அறை வாசல் மட்டும் ஊர்ந்து வந்தேன். படிக்கல் கைக்கெட்டும் தூரம்தான். கால் என் காலாக இல்லை. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

மேலே மச்சான் கூப்பிட்டார். லைட்டை ஆட்டினேன். பார்த்தார். தலை மறைந்தது. சீமெண்ணெய் எங்கே பிடித்தாரோ, கயிற்றில் லாந்தர் இறங்கி வந்தது. என் தலைக்கு மேலே ஆள் உயரத்தில் சுடர் சுருங்கியது. நீலமாகி அணைந்தது.

என் கையில் பேட்டரி லைட் எரிந்துகொண்டிருந்தது.

இனி யாரும் இறங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் இறங்க மாட்டேன். கோபம் வரவில்லை. வட்டில் அளவு வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். இஞ்சின் ஏன் நின்றது என்பது அப்போது தெரிந்தது. அதற்கும் மூச்சு முட்டியிருக்கிறது. லாந்தருக்கும் அதேதான். எனக்கும் அதேதான்.

மிச்சத்தை வீட்டில் படுத்துக் கிடந்தபோது யோசித்தேன். எண்ணெய் கையை வீசிக்கொண்டு நடக்கிறவன். போகிற வழியில் காற்றைச் சாப்பிட்டுக்கொள்வான். சுமை இல்லை, வெகுதூரம் போவான். பேட்டரி கட்டுச்சோறு சுமக்கிறவன். கனம் அதிகம், தூரம் கொஞ்சம். ஆனால் சோறு கிடைக்காத ஊரிலும் அவன் விழ மாட்டான். அந்தக் கிணறு அன்றைக்குச் சோறு கிடைக்காத ஊர்.

நான் உள்ளே கிடக்கும்போதே மச்சான் வேப்பங்கிளைகளை வெட்டிக் கட்டி, கவலை வடத்தில் மாட்டி, மாட்டைப் பூட்டினார். தழைக்கட்டு கிணற்றுக்குள் விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது. பண்ணாடி குடம் குடமாகத் தண்ணீரை மேலிருந்து கொட்டினார். தழை விழும்போதெல்லாம் முகத்தில் காற்று அடித்தது. அடுத்து லாந்தர் வந்தபோது என் முகத்துக்கு நேராக நின்று எரிந்தது. அதன் பிறகுதான் மச்சான் இறங்கினார்.

"லைட்ட உடுங்க மாப்ள. கைய எங்கழுத்துல போடுங்க."

விரல் பிரியவில்லை. லைட்டோடுதான் என்னைக் கட்டித் தூக்கினார்கள். வெயிலில் கிடத்தினார்கள். பண்ணாடி குனிந்து பார்த்தார்.

"அதைய அமத்துங்கப்பா. கட்டை தீந்துரும்."

மச்சான் அவரைப் பார்த்தார். என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டை அணைத்தார்.

புகைக்குழாய் மூட்டை ஒக்கிட்டுச் சரிசெய்தார்கள். மிளகாய்ச் செடி திரும்பவும் வாடியது. பண்ணாடி ஆள் அனுப்பினார். என் மனைவி போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

கிணற்று மேட்டில் மச்சான் லாந்தரோடு நின்றார். அன்றைக்குப் பொந்தைப் பற்றிப் பேச்சில்லை. கயிற்றை விட்டார். இருவரும் குனிந்து பார்த்தோம். அறை வாசலில் சுடர் நின்று எரிந்தது.

"எறங்கலாமுங்களா மச்சா?"

"உங்க இஷ்டமுங்க."

இஷ்டம் என்று எனக்கு ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. இறங்கினேன்.