குடை பிடிக்க ஒரு இந்தியர்

புரட்டாசிச் சனிக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சிநேகிதி வீட்டில் பாட்லக். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அமெரிக்கச் சனிக்கிழமைகள் பெரும்பாலும் இப்படித்தான். நான் புளியோதரை, இன்னொருத்தி தயிர்சாதம், குழந்தைகளுக்கு பேஸ்மென்டில் டிவி.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தீபாவளிக்கு அவள் வகுப்பில் நான் வந்து பேச வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டு ஏற்பாடு செய்திருந்தாள். கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் காரில் அதே பேச்சு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிநேகிதியின் கணவர் டவுன் லைப்ரரியிலிருந்து ஒரு வீடியோ கேசட் எடுத்து வைத்திருந்தார். அட்டையில் காவி வேட்டி, ருத்ராட்சம், மரத்தடியில் தியானம்.

"ஏதோ சாமி படம் போல இருக்கு. நல்ல நாளும் அதுவுமா கிட்ஸ் பாக்கட்டுமே" என்றார்.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காவியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டம் நாங்கள்.

படம் ஹிப்பிகள் காலத்தது. நீள முடியும் பூமாலையுமாக ஒரு கும்பல் வேனில் ஞானம் தேடிக் கிளம்புகிறது. மனிதர்கள் எல்லாரும் ஒன்று என்று ஓயாமல் பாட்டு வேறு. சாமியார் வந்தார். வெள்ளைக்காரன்! மூஞ்சியில் பழுப்புச் சாயத்தை அப்பியிருந்தான். காதோரம் வேர்வையில் அது கரைந்து வெளுத்திருந்தது. தலையை ஆட்டி ஆட்டி, நாக்கைச் சுழற்றி ஒரு இங்கிலீஷ். நிஜ இந்தியர் ஒருவரும் இருந்தார், அவனுக்குக் குடை பிடிக்க. கறுப்பர் ஒருவர் இருந்தார், ஓரமாக டிரம் தட்ட. இருவருக்கும் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. எல்லாரும் ஒன்றாம், கருமம்!

அதைவிடக் கேவலம், தட்டும் கையுமாக பேஸ்மென்டுக்கு இறங்கிவந்து பின்னால் நின்ற நம்ம ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்ததுதான். ஒருவர் அந்தத் தலையாட்டலைச் செய்துகூடக் காட்டினார். நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"என்னங்க, காமெடிதானே? லைட்டா எடுத்துக்கோங்க" என்றார் சிநேகிதியின் கணவர்.

"நம்மளத்தான் நக்கல் பண்றான். நீங்க பல்லக் காட்டிட்டு நிக்கறீங்க. வெக்கமா இல்ல?"

பிறகு யாரோ பாயசம் வேண்டுமா என்று கேட்டார்கள். சீ என்றாகிவிட்டது.

திரும்பும்போது என் கணவர் காரை ஓட்ட, பின்சீட்டிலிருந்து மகளின் குரல்.

"அம்மா, யூ டோன்ட் ஹேவ் டு கம் டு மை க்ளாஸ்."

"ஏன்டா கண்ணா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள். என் இங்கிலீஷும் அந்தப் படத்துச் சாமியார் பேசியது போலத்தான் இருக்கிறதாம். வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்களாம்.

"அது வேஷம்டி. தெரியாத ஜனங்க எடுத்த படம். உன் ஃப்ரெண்ட்ஸ் யாரும் அம்மாவப் பாத்து சிரிக்க மாட்டாங்க."

"பட் அம்மா," என்றாள், "ஈவன் த அங்கிள்ஸ் லாஃப்ட்."