சோதனைச்சாவடியில் என் மல்லிகை மொட்டுகள்

கூடப்பிறந்த ராத்தாவின் மகளுடைய கல்யாண மேடைக்கு நானே செய்த எல்ஈடி மல்லிகை மொட்டுகளோடு இன்று பொத்துவில் பஸ்ஸில் போனேன்.

சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் வயரையும் பற்றரியையும் கண்ட ஆமிக்காரர் பின்வாங்கித் துவக்கை நிமிர்த்தினார்.

"இது லைட்" என்று எரித்துக்காட்ட சுவிட்சில் கை வைத்தேன். யாரும் செய்யக்கூடாத வேலை.

பக்கத்துச் சீட்டில் வந்த, என்னைவிட மூத்த காக்கா ஒருவர் மெல்லச் சொன்னார். "தம்பி, அல்லாவுக்காக கைய எடுங்க."

எடுத்தேன்.

ஆமிக்காரர் எல்லோரையும் தூரத் தள்ளி நிறுத்திவிட்டு, "இப்ப போடு" என்றார்.

போட்டேன். மொட்டெல்லாம் எரிந்தது. அவர் சிரிக்கவில்லை, போகச் சொன்னார்.

பஸ்ஸுக்குள் நிற்கவே இடமில்லை. ஆனாலும் அந்தக் காக்கா பொத்துவில் வரை நின்றுகொண்டே வந்தார். என் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை.

நாளைக்குத் திரும்புகிறேன். உங்களில் யார் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறீர்கள்?