கூரையில் வைத்த நண்டுக்கறி

மரியமுத்து எனக்குத் தர வேண்டியிருந்த கடன் முப்பத்தையாயிரம் ரூபா. தையல் மெசின் வாங்கிய கடன்.

நெடுந்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சிவபாதம் கடையில் கடன் இல்லை என்று. வாசலில் பலகையும் தொங்குகிறது. நானே தீந்தை தொட்டு எழுதியது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதிய எழுத்துத்தான். ஆனால் அதை வாசித்து விளங்காதவன் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. துறையில் மற்றவர்களுடைய மூட்டையைச் சுமந்து தொடங்கியவன் நான். இன்று என்னுடைய மூட்டையைச் சுமக்க எனக்குச் சொந்தமாக ஒரு படகும், பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்றும் இருக்கின்றன. இதெல்லாம் ஊருக்குக் கடன் கொடுத்துச் சேர்ந்ததல்ல.

பிறகு ஏன் மரியமுத்துவுக்கு மட்டும் கொடுத்தாய் என்று என் மனைவி இராசமணி இன்றைக்கும் கேட்கிறாள். சொல்கிறேன்.

மரியமுத்துவுக்கு என் கடைசித் தங்கச்சியின் வயது. அதனால்தான் அவள், இவள் என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக யாரும் எடுக்க வேண்டாம். சண்டைக் காலத்தில் புருசனோடு வள்ளமேறி இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போனவள். தையல் பழகியது அங்கேதான். புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்ததும் அங்கேதான். மகள் நிலுஜாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால், இருந்த காணித்துண்டைப் புருசனின் ஆட்கள் தங்களுடையது என்று நிற்கிறார்கள். அவள் வழக்குக்குப் போகவில்லை. "காணியை நீங்கள் வைச்சிருங்கோ, என்ரை கை என்னோடை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

காணியில்லாதவர்களுக்கென்று ஒரு வீட்டுச் சங்கம் கிழக்கில் தொடராகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. வாடகை சொற்பம். ஆனால் சட்டம் கடுமை. சுவரில் ஆணி அடிக்கலாம், முற்றத்தில் முருங்கை நடலாம், கூரையில் மட்டும் குடியிருப்பவர் கை வைக்கக் கூடாது. கூரை சங்கத்தின் பொறுப்பு. தாங்களாகக் கழற்றிப் பூட்டினால் வீட்டை விட வேண்டும்.

அந்த வீட்டிலிருந்து நிலுஜாவை எழுவைதீவில் கட்டிக் கொடுத்தாள். தனியான பிறகு ஒரு தைமாதக் காலையில் என் கடைக்கு வந்தாள். புது மெசின் ஒன்று கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்டாள். பலகையைக் காட்டினேன்.

"அதை வாசிச்சிட்டுத்தான் வந்தனான்" என்றாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். "அண்ணை, உந்தச் சேட்டு எங்கை தைச்சது?"

"யாழ்ப்பாணம் ரவுணிலை. பெரிய தையல்கடை. கூலி மட்டும் ஆயிரத்தைந்நூறு."

"காசும் குடுத்துக் கோணல் கொலரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

கடையில் நின்ற சனம் சிரித்தது. எனக்குச் சுள்ளென்றது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். கோணல்தான். அன்று பின்னேரமே மெசினை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டுபோய் அவளுடைய விறாந்தையில் இறக்கினேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுகிற பழக்கம் எனக்கு. அதில் நான் பிழை விட்டதில்லை.

"நத்தாருக்கு முதல் முழுக்காசும் தருவன்" என்றாள். கிறிஸ்து பிறப்புக்குப் போடுகிற நத்தார் உடுப்புத்தான் அவளுக்கு அறுவடை. எங்கள் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள்தான் சட்டை.

எல்லாம் நல்லபடி போனது, ஆடியில் சோளகக் காற்று வந்து கூரையைப் பிடிக்கும் வரைக்கும். ஓடுகளைத் தாங்குகிற மரச் சிலாகைகள் ஏற்கெனவே இற்றுப் போயிருந்தன. ஒரு பக்கத்து ஓடு முழுக்கச் சரிந்து, மெசினுக்கு நேர் மேலே வானம் தெரிந்தது. அப்போது மழையில்லை. ஆனால் ஐப்பசியில் வாடைக்காற்றோடு மாரி வரும். மாரிக்கு முதல் கூரை சரி வராவிட்டால் மெசின் நனையும், துணி நனையும், நத்தார் நனைந்து போகும். என் காசும்தான்.

மரியமுத்து சங்கத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். மேற்பார்வையாளர் வந்து ஏறிப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் தச்சுவேலை ஆட்களை அனுப்புவோம் என்றார்கள்.

மேற்பார்வையாளர் ஆவணியில் வந்தார். அனுசன் என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பெடியன், நல்ல உருண்டையான உடம்பு, சிரித்த முகம். குறிகட்டுவானிலிருந்து காலைப் படகில் வந்தால் பின்னேரப் படகில் திரும்ப வேண்டும்; இடையில் இருப்பதுதான் நேரம். துறையிலிருந்து நானே ஏற்றிக்கொண்டு போனேன். வெளியாள் வந்து இறங்கினால் என் வாகனத்தில் ஏறுவதுதான் இங்கே வழக்கம்.

இங்கே இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கடல் கடந்து வாசலுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பினால், அந்த வீட்டுக்காரி பிறகு கோயில் வாசலில் நிமிர்ந்து நிற்க ஏலாது. மரியமுத்து விடியவே எழும்பி நண்டுக்கறி வைத்திருந்தாள்.

"அக்கா, முதலிலை கூரையைப் பாப்பம்" என்றார் அனுசன்.

"கூரை எங்கை ஓடப் போகுது? நண்டுதான் ஆறிப்போகும். இரும் தம்பி."

விருந்தாளி தனியே சாப்பிடக் கூடாது என்று என்னையும் இருத்தினாள். பக்கத்து வீட்டுக் கத்தரீனா ஒரு கோப்பையில் கணவாய் பொரியலோடு வந்தாள். அடுத்த வீட்டிலிருந்து தயிர் வந்தது. எங்கள் தயிர் கத்தியால் வெட்டுகிற தயிர். அதைச் சாப்பிட்டவன் உடனே எழும்ப மாட்டான். அனுசனும் எழும்பவில்லை. சுவரில் சாய்ந்தபடி கண்ணை ஒருக்கால் மூடினார். திறந்தபோது துறையில் படகு ஊதியது.

"அக்கா, அடுத்த முறை கட்டாயம் பாக்கிறன்" என்று கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினார்.

அடுத்த முறை புரட்டாசிக் கடைசியில். "வெறும் தேத்தண்ணிதான் குடுக்க வேணும்" என்று நான் முதல் நாளே உத்தரவு போட்டிருந்தேன். அவளும் ஓமென்றாள். தேத்தண்ணியும் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் கத்தரீனாவின் தலை தெரிந்தது.

"தம்பி, அங்கை தேத்தண்ணி மட்டுமோ? இஞ்சாலை வாரும், விளைமீன் பொரிச்சு வைச்சிருக்கிறன்!"

மரியமுத்துவின் முகம் சிவந்துவிட்டது. "என்ரை வீட்டுக்கு வந்த ஆளுக்கு நீ என்னத்துக்குப் பொரிக்கிறாய்?" என்று கத்திவிட்டுக் குசினிக்குள் ஓடினாள். கோழி ஒன்று கத்தியது. அந்தக் கோழி கறியாகி இலைக்கு வர, படகு ஊதச் சரியாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாய்க்குள் போன கோழி ருசியாகத்தான் இருந்தது. அதற்காகக் கணக்கை விட முடியுமா?

"பிள்ளை, உமக்குக் கூரை வேணுமோ, நல்ல பேர் வேணுமோ?" என்று மரியமுத்துவைக் கேட்டேன்.

"ரெண்டும் வேணும்."

"அவனுக்குச் சாப்பாடு போடாதையும். ஒரு நாள் பட்டினி கிடந்தால் சாக மாட்டான்."

"அண்ணை, உங்கடை கடையிலை காசில்லாதவனுக்குச் சாமான் இல்லை. என்ரை வீட்டிலை வந்தவனுக்குச் சாப்பாடு இல்லையெண்ட கதை இல்லை. பலகை எழுதித் தொங்கவிட என்னாலை ஏலாது."

எனக்கு இந்த மாதிரிப் பதில் சொல்லுகிறவர்கள் தீவில் மூன்று பேருக்கு மேல் இல்லை. அதில் ஒருத்தி என் மனைவி.

ஐப்பசியில் மாரி பிடித்தது. மரியமுத்து மெசினை மேற்கு மூலைக்குத் தள்ளினாள். மழைத்துளி அங்கே வந்தது. கிழக்கு மூலைக்கு இழுத்தாள், அங்கும் ஒழுகியது. சட்டி, வாளி, நிலுஜா சிறுபிள்ளையில் குளித்த பெரிய பேசின் எல்லாம் நிலத்தில் பரவிக் கிடந்தன. கடைசியில் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் மெசினை வைத்து, ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தைத்தாள். வெள்ளைத் துணியில் கரி பட்டது. ஒரு தாய் வந்து பிள்ளையின் துணியைத் திருப்பிக் கேட்டாள். அன்றைக்குத்தான் மரியமுத்து சிரிக்காமல் இருந்ததை நான் கண்டேன்.

"காசை ஆறுதலாத் தாரும். தைமாதம் தந்தாலும் காணும்" என்றேன். நான் இப்படி இன்னொருவரிடம் சொன்னதில்லை.

"நத்தாருக்கு முதல் எண்டு சொன்னனான்" என்றாள். "அந்தத் தம்பி வாற கிழமை திரும்ப வாறார். உங்கடை பெரிய ஏணியைக் கொண்டாங்கோ."

என் ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுந்தீவில் மாடி கட்டிய ஒரு சிலரில் நானும் ஒருவன். அதற்காக வாங்கிய ஏணி அது. கோயில் தோரணம் கட்டவும் என் ஏணியைத்தான் கேட்டு வருவார்கள்.

அனுசன் வந்த அன்று மழை விட்டு வெயில் எறித்தது. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"என்னக்கா, நண்டோ?"

"ஓம் தம்பி. நண்டு, இறால் பொரியல், முருங்கையிலை வறை. எல்லாம் இருக்கு."

அவர் விறாந்தைப் பக்கம் திரும்பினார். அங்கே பாயில்லை, கோப்பையில்லை, தண்ணீர்ச் செம்பும் இல்லை. மரியமுத்து விரலை மேலே நீட்டினாள். கூரை விளிம்போடு, சரியாமல் இருந்த ஓடுகளுக்கு மேலே, ஒரு ஓலைப்பெட்டி கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. சோறும் கறியும் அதற்குள். விடிய என் கடைப் பொடியனை ஏற்றி வைப்பித்திருந்தாள். காகம் வந்துவிடும் என்று நான் கீழே நின்று கல்லெறிந்துகொண்டிருந்தேன். ஒரு படகுக்காரன், ஒரு கடைக்காரன் செய்கிற வேலையா என்று கேட்கலாம். அந்தப் பெட்டிக்குள் இருந்தது என் முப்பத்தையாயிரம்.

"சாப்பாடு மேலை இருக்கு. ஏறிச் சாப்பிடும் தம்பி" என்றாள்.

தொடர்வீட்டுச் சனம் முழுக்க முற்றத்தில் கூடிவிட்டது. அனுசன் ஏணியைப் பார்த்தார், ஓலைப்பெட்டியைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"அக்கா... எனக்கு உயரமெண்டால் கொஞ்சம் பயம்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, இரண்டு முறையும் அவர் ஏன் சாப்பாட்டைச் சாட்டாக வைத்துக் கூரைப் பக்கமே போகவில்லை என்று.

"உந்தப் பயத்தோடை உமக்கு உந்த வேலையை ஆர் தந்தது?" என்றாள் கத்தரீனா. "எங்கடை காகம் பயமில்லாமல் ஏறுது!"

"காகத்துக்குச் செட்டை இருக்கக்கா."

"உமக்குச் சிவபாதத்தாரின்ரை ஏணி இருக்கு. ஏறும்!"

ஏணியை நான் பிடித்தேன். நான் பிடித்தால் ஏணி அசையாது. ஒவ்வொரு படியிலும் அந்தோனியாரைக் கூப்பிட்டபடி அனுசன் ஏறினார். கீழே பெண்கள் கைதட்டினார்கள். சுவர் மட்டத்துக்குப் போனதும் சத்தம் நின்றது. இற்ற சிலாகை ஒன்றை விரலால் தொட்டார். அது பிஸ்கற் போல உதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தார். பிறகு அதற்கடுத்தது.

"ஐயோ அக்கா, இது உங்கடை வீடு மட்டுமில்லை. கத்தரீனா அக்கா, உங்கடையும் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது!"

கத்தரீனாவின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இப்போது மரியமுத்து சிரித்தாள்.

அனுசன் கைபேசியை எடுத்தார். கீழே எங்களுக்குச் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கூரைக்கு மேலே நல்லாக எடுத்தது. சங்கத்துக்குப் படம் அனுப்பினார். நின்ற இடத்திலேயே பேசினார். "இல்லை சேர், பிறகு இல்லை, இப்பவே சொல்லுங்கோ, நான் கூரையிலைதான் நிக்கிறன்" என்றது எங்களுக்கும் கேட்டது. மரமும் ஆட்களும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்களாம். அதன் பிறகு கூரை விளிம்பில் இருந்து, ஓலைப்பெட்டியை மடியில் வைத்து, நண்டுக்காலை ஒவ்வொன்றாக உறிஞ்சினார். நண்டுக் கோதைக் கீழே வீசாமல் பெட்டிக்குள்ளேயே போட்டார். நல்ல வளர்ப்பு. கடைசி வாய் முடியும்போது படகு ஊதியது. இறங்கத்தான் ஏறியதைவிட நேரம் எடுத்தது.

அடுத்த கிழமை மரம் வந்தது, என் படகில்தான். தச்சு ஆட்கள் இரண்டு பேர் மரியமுத்துவின் வீட்டில் தொடங்கித் தொடர் முழுக்கச் சிலாகை மாற்றினார்கள். அவர்களுக்கும் ஓலைப்பெட்டி மேலேதான் போனது. வேலை முடியும் வரை அவர்கள் கீழே இறங்கவே தேவைப்படவில்லை. இவ்வளவு விரைவாகத் தாங்கள் எங்கேயும் வேலை முடித்ததில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

பிறகு மெசின் சத்தம் நின்றதை யாரும் காணவில்லை. வெளியே மழை கொட்டும். உள்ளே அவள் மிதித்துக்கொண்டே இருப்பாள். துணியைத் திருப்பி வாங்கிய தாய் மீண்டும் கொண்டுவந்து கொடுத்தாள். மரியமுத்து அதை வாங்கி, அந்தப் பிள்ளையின் சட்டைக்கு மட்டும் ஒரு சுருக்கு அதிகமாக வைத்தாள்.

நத்தாருக்கு முதல் நாள் மத்தியானம் கடையில் கால் வைக்க இடமில்லை. மரியமுத்து ஒரு துணிப்பையோடு வந்தாள். சனத்தை விலக்கிக்கொண்டு நேரே என் முன்னால் நின்றாள்.

"கையை நீட்டுங்கோ அண்ணை."

"மேசையிலை வையும். பிறகு எண்ணலாம்."

"கையிலைதான் தருவன். எல்லாரும் பாக்க வேணும். நாளைக்கு நீங்கள் குறையுதெண்டு சொன்னால், உங்களை ஏத்தி எண்ண வைக்க நான் ஏணிக்கு எங்கை போறது?"

சனம் சிரித்தது. "ஐயாயிரத்தைக் கழிச்சுக்கொள்ளும், நத்தார் செலவுக்கு" என்று மெதுவாகச் சொன்னேன். இராசமணி உள்ளேயிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள் போல இருந்தது.

"பலகையை மாத்தி எழுதிப்போட்டு வந்து கதையுங்கோ" என்றாள் மரியமுத்து.

கையை விரித்தேன். விரல் நுனியை நாக்கில் தொட்டு அவள் எண்ணத் தொடங்கினாள். முதலில் ஆயிரங்கள், பிறகு ஐந்நூறுகள், பிறகு நூறுகள். எல்லாம் பிள்ளைகளின் சட்டைக்கு வந்த காசு, சில தாள்களில் மெசின் எண்ணெய் மணத்தது. உள்ளங்கை நிரம்பி வழிய, மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தேன். கடைசி இருபது ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக நீவி, மடிப்பு எடுத்து, உரத்த குரலில் முப்பத்தையாயிரம் வரைக்கும் எண்ணி, மேலே வைத்து அழுத்தினாள்.