ஐ.டி. மோட்டார்ஸ் புரொப்பரைட்டர் கடலில் இறங்கியது

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் 'ஐ.டி. மோட்டார்ஸ்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. கம்ப்யூட்டர் கடை என்று நினைத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் போர்வெல்லில் இறக்குகிற மோட்டார்கள். ஐ.டி. என்றால் இசக்கித்தாய். பத்தொன்பது வருஷமாக அவள்தான் கடையின் புரொப்பரைட்டர். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் கல்லாவில் உட்கார்ந்தது ஆயுதபூஜை நாட்களில் மட்டும்தான். அதுவும் போட்டோவுக்கு.

கடையை நடத்துகிறவர் அவள் புருஷன் மாரிராஜ். பொம்பளை பேரில் லைசென்ஸ் எடுத்தால் பல சௌகரியம் உண்டு என்று ஆடிட்டர் சொன்னார். எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு கேரியர் காலியாகத் திரும்பி வரும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரில் காகிதங்களும் வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மாரிராஜ் பென்சிலால் ஒரு இன்டு மார்க் போட்டிருப்பார். அதன் பக்கத்தில் அவள் 'மா. இசக்கித்தாய்' என்று எழுத வேண்டும். ராத்திரி வந்து அவர் ரப்பரை எடுத்து அந்த மார்க்கைச் சுத்தமாக அழித்துவிடுவார். அப்புறம் பார்த்தால் கையெழுத்து தானாக வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

முதல் வருஷம் ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். "இது என்ன பேப்பருங்க?"

"ஏட்டி, படிச்சுப் பாத்து கலெக்டராவா போகப் போற? இன்டு போட்ட எடத்துல போடு."

பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவள்தான். ஆனாலும் அப்புறம் கேட்கவில்லை.

அவளிடம் சொந்தமாக ஒரு விஷயம் இருந்தது. அதை யாரும் அவளிடம் கையெழுத்து வாங்கிப் பெற முடியாது. அவளுக்கு நீச்சல் தெரியும்.

குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவள். அப்பாவின் தோட்டத்தில் சதுரமாகக் கல் கட்டிய கிணறு. ஏழு வயதில் காலி எண்ணெய் டின்னை முதுகில் கட்டி அண்ணன்காரன் உள்ளே தள்ளிவிட்டான். மூன்றாம் நாள் டின்னை அவிழ்த்து எறிந்தாள். ஒன்பது வயதில் முங்கிப் போய் அடிச்சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வருவாள். கிணறு எட்டுக் கை வீச்சு அகலம். எட்டு வீச்சு போட்டால் கல் தட்டும். திரும்பி எட்டு வீச்சு போட்டால் எதிர்க்கல். இப்படி மத்தியானம் முழுக்கக் கிடப்பாள். பதின்மூன்று வயதில் பெரிய மனுஷி ஆனாள். "இனிமே கெணத்துப் பக்கம் போன, காலை ஒடிச்சிருவேன்" என்றாள் அம்மா. கிணறு அங்கேயேதான் இருந்தது. அவளுக்கு மட்டும் மூடிவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் மாரிராஜிடம் ஆசையாகச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெளிய சொல்லீராத. தவளைன்னு பேரு வச்சிருவானுவ." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகள் சண்முகப்ரியாவுக்குக்கூடத் தெரியாது. குற்றாலத்துக்குப் போனால் அருவியில் வரிசையில் நின்று தலையைக் காட்டிவிட்டு வரலாம். அது குளியல்தானே, நீச்சல் இல்லையே. பாத்திரம் கழுவும்போது சில நாள் தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டபடி நின்றுவிடுவாள். ஒரே ஒரு தடவை உடம்பு முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டும். நாற்பத்து நாலு வயதில் அவளுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். பட்டுச்சேலை கேட்டிருந்தால்கூடக் கிடைத்திருக்கும். இதை எப்படிக் கேட்பது?

இந்த நிலைமையில்தான் மோட்டார் கம்பெனிக்காரர்கள் டீலர் டூர் அறிவித்தார்கள். டார்கெட் முடித்த டீலர்களுக்கு, ஜோடியாக, கொச்சியில் கப்பல் ஏறி லட்சத்தீவு. மாரிராஜ் டார்கெட்டை முடித்திருந்தார். தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்த முகத்தையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கடலுக்கடியில் பவளப்பாறை இருக்காம், மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு மிதந்தபடி பார்க்கலாமாம், ஸ்நார்கெலிங் என்று பெயராம், தான் இறங்கப் போகிறாராம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டாயிற்று.

எண்ணூறு அடி ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவருகிற மோட்டாரை விற்கிற இந்த மனிதருக்கு நீச்சலில் ஆனா ஆவன்னா தெரியாது. வீட்டுச் சம்ப்பின் மூடி திறந்திருந்தால் நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டு உட்காருகிறவர். சொல்லிவிட்டார், இனி வாபஸ் வாங்க முடியாது.

கப்பல் புறப்பட்ட சாயங்காலமே மனிதர் படுத்துவிட்டார். வயிறு குமட்டிக்கொண்டே இருந்தது. புளியங்குடி டீலர் ராஜதுரை, விவரமான ஆள், ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டு மாரிராஜ் கேபினில் சுருண்டு கிடந்தார். கேபினுக்கு வட்டமாக ஒரு ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். இசக்கித்தாய் அதில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

"ஏட்டி, இதக் கொண்டுபோய்க் குடு" என்று மாரிராஜ் ஒரு ஃபாரத்தை நீட்டினார். "அஞ்சரைக்குள்ள குடுக்கணுமாம். இன்டு போட்டிருக்கேன், கையெழுத்து மட்டும் போடு. மிச்சத்த அந்த மேனேஜர் எழுதிக்கிடுவாரு. நான் சொல்லிட்டேன்."

டைனிங் ஹாலில் மேஜை போட்டு ஏரியா மேனேஜர் ராஜேஷ்குமார் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான பையன். இசக்கித்தாய் ஃபாரத்தை மேஜையில் வைத்தாள். பேனாவை எடுத்தாள். பென்சில் இன்டு மார்க் கீழே வலதுபக்க மூலையில் இருந்தது.

ஏன் அன்றைக்குப் படித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கேபினில் திறக்காத அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றதால் இருக்கலாம். முதல் வரியிலிருந்து படித்தாள். தமிழில்தான் இருந்தது.

'டீலர் ஒருவருக்கு ஸ்நார்கெலிங் இடம் ஒன்று மட்டும். மற்றவர் கண்ணாடிப் படகில் செல்வார். புரொப்பரைட்டர் பெயர். உடன் வருபவர் பெயர். ஸ்நார்கெலிங் செல்பவர் யார்? அவருக்கு நீந்தத் தெரியுமா?'

உடன் வருபவர் என்ற இடத்தில் மாரிராஜ் என்று அச்சடித்திருந்தது. அவள் அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தாள். இத்தனை வருஷமாகத் தன் கையெழுத்துக்கு மேலே இப்படியெல்லாம்தான் எழுதியிருந்ததா?

"சைன் மட்டும் போட்டாப் போதுங்க மேடம்" என்றார் ராஜேஷ்குமார். "சாரு எல்லாம் போன்லயே சொல்லிட்டாருங்க."

மாரிராஜ் பெயரை எழுதவிட்டால், அந்த மனிதர் வீம்புக்கு இறங்கி நடுக்கடலில் நடுங்குவார். தன் பெயரை எழுதினால், நாற்பது டீலர்கள் முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். கரைக்கு ஓடிவிடலாம் என்றால் கப்பலில் கரை எங்கே? எதைச் செய்தாலும் தப்பு அவள் தலையில்தான் விழும். ஆனால் இந்த ஃபாரம் கையை விட்டுப் போனால் தண்ணீரும் போய்விடும். இந்த ஜென்மத்தில் இன்னொன்று வராது.

ஸ்நார்கெலிங் செல்பவர் என்ற இடத்தில் 'மா. இசக்கித்தாய்' என்று எழுதினாள். நீந்தத் தெரியுமா என்பதற்கு 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தது.

"சாருக்கு இது தெரியுங்களா மேடம்?"

"நான் சொல்லிக்கிடுதேன் தம்பி."

சொல்லவில்லை. கேபினுக்குத் திரும்பி எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்து கொடுத்தாள். "குடுத்துட்டியா?" என்றார். "குடுத்துட்டேன்" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு..." என்று நாலு தடவை ஆரம்பித்தாள். நாலு தடவையும் அவர் ஓங்கரித்தார். ஒரு ஆள் அகலமுள்ள கட்டிலில் படுத்து, திறக்காத ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தாள். அடித்த டிக்கை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

காலையில் தீவுக்கு வெளியே கப்பல் நின்றதும் ராஜேஷ்குமார் மைக்கைப் பிடித்து ஸ்நார்கெலிங் லிஸ்டைப் படித்தார். புளியங்குடி ராஜதுரை, சாத்தூர் இன்னார், கோவில்பட்டி இன்னார் என்று வரிசையாக ஆம்பளைப் பெயர்கள். "சங்கரன்கோவில் ஐ.டி. மோட்டார்ஸ், திருமதி இசக்கித்தாய்."

மாரிராஜ் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ போனது. அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அப்போது ஒன்று நடந்தது. அவள் பக்கத்தில் நின்றதால் அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவர் தோள் இரண்டும் தளர்ந்து, உள்ளே அடைத்துக் கிடந்த மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. மனிதர் தப்பித்துவிட்டார். அடுத்த நொடியே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான்தான் அவ பேர எழுதச் சொன்னேன். நமக்கென்ன, எப்ப வேணா எறங்கலாம். பொம்பளைகளும் பாக்கட்டுமே!"

"அண்ணாச்சிக்குப் பெரிய மனசு" என்றார் ராஜதுரை. யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

அடி வாங்கியிருந்தால்கூட இசக்கித்தாய்க்கு இவ்வளவு வலித்திருக்காது. ராத்திரி முழுக்கப் பயந்து பயந்து தூங்காமல் வைத்திருந்த ஒற்றை டிக். அதையும் அவர் ரப்பரை எடுத்து அழிக்கிற மாதிரி அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டார். பேசினால் அழுதுவிடுவாள் என்று இருந்தது.

மகளின் சுடிதார் பேண்டும், மாரிராஜுக்கென்று கம்பெனி கொடுத்த எக்ஸெல் டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு சின்னப் படகில் ஏறினாள். மார்பில் மோட்டார் படம், முதுகில் 'நம்பர் ஒன் டீலர்'. வழிகாட்டியாக வந்தவள் ஷஹீரா, தீவுக்காரி, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிவிட்டு, கண்ணாடியையும் குழாயையும் மாட்டிவிட்டு, "பேடி வேண்டா சேச்சி, பயப்படாதே" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னாள். இருபது நிமிஷம்தான், விசில் ஊதினால் ஏறிவிட வேண்டும். ராஜதுரையும் மற்றவர்களும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, விளிம்பைப் பிடித்தபடியே மிதந்தார்கள்.

இசக்கித்தாய் கையை விட்டாள்.

முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. உடம்பு எதையும் மறக்கவில்லை. முகத்தைக் கவிழ்த்ததும் கீழே ஒரு காடு தெரிந்தது. கொம்பு கொம்பாகக் கிளைத்த பவளம், மழைக்கு மறுநாள் முளைத்த காளான் மாதிரி தட்டுத் தட்டாகப் பவளம், அதற்குள் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் தங்கள் ஜோலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கையை வீசினாள். சிரித்ததில் வாய்க்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷஹீரா பக்கத்தில் வந்து தோளைத் தட்டினாள்.

"சேச்சிக்கு நல்லா நீச்சல் தெரியும். எங்க படிச்சது?"

"கெணத்துல."

"ஒண்ணு கேக்கட்டா சேச்சி? எதுக்கு இங்கயே போய்ப் போய்த் திரும்புறே? எல்லாத் தடவையும் அதே இடம். அங்கே என்ன இருக்கு?"

இசக்கித்தாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர்தான். எட்டு வீச்சு போட்டதும் அவள் கை தானாகக் கல்லைத் தேடித் திரும்பியிருக்கிறது. இவ்வளவு பெரிய கடலில் இறங்கி இத்தனை நேரமாக அப்பாவின் கிணற்றுக்குள்ளேயே நீந்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. கை பயந்தது. ஒன்பதாவது வீச்சில் விரல்களை விரித்து நீட்டினாள். கல் இல்லை. பத்து. பதினொன்று. பதினேழு வரைக்கும் போனபோது விசில் ஊதிவிட்டார்கள்.

கண்ணாடிப் படகு கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தது. திரும்புகிறவர்களை அதில்தான் ஏற்றினார்கள். நடுப்பலகையில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாரிராஜ் உட்கார்ந்திருந்தார். காலடியில் கண்ணாடி. அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட ஏறி வந்த இசக்கித்தாய்க்கு எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"மதினி, பின்னிட்டீக!" என்றார் ராஜதுரை. "நாங்க படக விட்டு ஒரு முழம் நகரல. இம்புட்டு நீச்சல் யாரு, அண்ணாச்சிதான் பழக்கிவிட்டாரா?"

மாரிராஜ் வானத்திலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். இன்டு போட்டாகிவிட்டது, பக்கத்தில் நீ கையெழுத்தைப் போடு என்கிற பார்வை.

அவள் டி-ஷர்ட்டின் ஓரத்தைச் சுருட்டிப் பிழிந்தாள். தண்ணீர் மாரிராஜின் காலடிக் கண்ணாடியில் கொட்டியது.

"இல்லண்ணே" என்றாள். "அவுகளுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."