தறிக்குழியில் படுத்த பூனை

ராசிபுரத்தில் நெசவு எங்கள் தொழில். கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடித்துவிடும் என்று பூனை வளர்த்தோம். தரைக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குழித்தறியில் நான் நெய்யும்போது அது என் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

ஒரு நாள் காலை, குழிக்குள் கால் விட்டதும் பூனை கவ்விக் கடித்துவிட்டது. நான்தான் மிதித்திருப்பேன் என்று நினைத்து, கடிவாயில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நெய்தேன். தீபாவளிச் சேலை பாதியில் நின்றிருந்தது.

மூன்றாம் நாள் மனைவி பதறிக் கூப்பிட்டாள். "ஏனுங்க, பூனை வாயில நுரை தள்ளுதுங்க. பால் வெச்சா சீறுது." அன்று மாலை அது குழிக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் என் காலைப் பார்த்தார். "நாய்க்கு மட்டுந்தான் வெறி புடிக்கும்னு ஆருங்க சொன்னது? இப்பவே சேலத்துக்குக் கெளம்புங்க" என்றார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் கடிவாயிலும், பிறகு ஒரு மாசத்துக்குள் ஐந்து தடவை கையிலும் ஊசி போட்டார்கள். "பொழச்சுட்டனுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"நாள் தள்ளி வந்திருக்கிறீர்கள், சில பேருக்குப் பல மாசம் கழித்தும் வெறிநோய் வரும். வந்தால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது" என்றார்.

இப்போதெல்லாம் குழியைக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் விடுகிறேன். பூனை நகம் பட்டால்கூடச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடும்படி எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் வருஷம் ஒன்றாகியும், காலையில் முதல் மடக்குத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கும்வரை மனைவி என் முகத்தைவிட்டுக் கண் எடுப்பதில்லை.