தாடைக்குக் கீழே ஒரு கோடு

மாண்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழக நாணயச் சேகரிப்பில் இருபத்தாறு ஆண்டுகள் கேட்டலாக் தயாரித்தேன். என் பிரிவு, ரோமானியர் ஆட்சியில் கிரேக்க நகரங்கள் அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகள். முன்பக்கம் பேரரசனின் தலை. பின்பக்கம் அந்தந்த ஊரின் தெய்வம், கிரேக்க எழுத்தில் ஊர்ப் பெயர். ஆகவே ஊருக்கு ஒரு ட்ரே. வேலையை நன்றாகவே செய்தேன். ஒரு தவறும் செய்தேன்.

1. இரண்டு காசுகள்

சிவநேசன் அதே நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தபால் பிரிக்கும் வேலை, பொழுதுபோக்குக்குக் காசு சேர்ப்பவர். ஒருநாள் வந்து, இரு வேறு ஊர்க் காசுகளைத் தலைப்பக்கம் தெரிய என் மேசையில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே அச்சில அடிச்சது, சேர்."

"கிரேக்கம் படிப்பீங்களா?"

"இல்லை. எழுத்தை நான் பார்க்கேல்லை. ராசாவின்ர நாடிக்குக் கீழ ஒரு கோடு ஓடுது, பாருங்கோ. ரெண்டிலயும் ஒரே வளைவு."

"தேய்ஞ்ச காசுல ஆயிரம் கோடு இருக்கும். நீங்க லெட்டரைப் பிரிங்க சார், இதை நாங்க பார்த்துக்கிறோம்."

"ஓம், பிரிச்சுப் பிரிச்சுத்தான் கண் இப்பிடிப் பழகிப்போச்சு," என்று சிரித்தபடி காசுகளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் எங்கள் ட்ரேக்களிலிருந்து அதே இரண்டு ஊர்க் காசுகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். டையில், அதாவது காசு அடிக்கும் அச்சில், விழுந்த விரிசல் காசில் கோடாக எழும்பியிருந்தது. இரண்டும் ஒரே டை. ஒரே பட்டறை பல ஊர்களுக்கு வேலை செய்தது தெரிந்த செய்திதான். இந்த இரண்டு ஊர்கள் என்பது புதிது. ஊர்வாரியாக அடுக்கியதால் இத்தனை காலம் அவற்றை நான் அருகருகே வைத்ததே இல்லை.

2. கட்டுரை

ஆய்விதழுக்கு எழுதினேன். 'நான் கவனித்தேன்' என்று எழுதினேன். அவர் பெயரை மறந்துவிடவில்லை. தபால் பிரிப்பவர் காட்டித்தான் தெரிந்தது என்று எழுதக் கௌரவம் இடம் தரவில்லை.

கட்டுரை வெளியானதும் போன் செய்தார்.

"அப்பா கண்டுபிடிச்சது எண்டு மகளுக்குக் காட்டினன், சேர். அதில என்ர பேர் எங்க எண்டு கேக்கிறாள்."

"இடம் இல்ல, சார்," என்றேன். பொய்.

"சரி, சேர்." அதன்பின் அவர் வரவில்லை.

3. திருத்தம்

ஓய்வு பெற்றபின் இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். அச்சான பக்கத்தோடு அவர் வீட்டுக்குப் போய், செய்ததை அப்படியே சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தார்.

"பதினொரு வருசம் பிந்தி வந்த தபால்," என்றார். "மகள் இப்ப ரொறொன்ரோவில. பிறகு அவளுக்கு அனுப்பிவிடுறன்."

தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நியாயம்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: ட்ரேயை ஊர்வாரியாகவே அடுக்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை வெவ்வேறு ஊர்க் காசுகளின் தலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் கண்டவர் யார் என்பதைக் காசு மேசையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பிறகு மனம் வராது. எனக்கு வரவில்லை.