கிருமி வேஷம்

நீலசந்திராவில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துவந்த இளங்கோவன், கதாநாயகனாகும் ஆசையில்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் எய்ட்ஸ் விழிப்புணர்வுத் தெரு நாடகத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ கிருமி வேஷம். "மூஞ்சியப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க," என்று மனைவி அஞ்சலையிடம் அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

1999இல் ஒருநாள், நிறுவனத்துக்கு நிதி தரும் வெளிநாட்டு அறக்கட்டளைக்காரர்கள் நாடகம் பார்க்க ஈஜிபுராவுக்கு வந்தார்கள். கடைசிக் காட்சியில் ஆணுறை வேஷக்காரர் வழிமறித்ததும் கிருமி ஓடிப்போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விருந்தாளிகளைக் கண்டதும் இளங்கோவனுக்குக் கலை பொங்கிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுழன்றார். புழுதியில் விழுந்து துடிதுடித்துச் செத்தார். விசில் பறக்கவே, எழுந்து இன்னொரு தடவையும் செத்தார்.

வந்திருந்த அம்மாள் ஒருவர் நெற்றியைச் சுருக்கி ஏதோ கேட்டார். நாடகத்தை நடத்திய லாவண்யா அதைத் தமிழில் சொன்னாள்.

"அண்ணா, இந்தக் கிருமிய ஒழிக்க இன்னும் மருந்தே வரலியே, நீங்க எப்படிச் செத்தீங்கன்னு கேக்கறாங்க."

படுத்தபடியே இளங்கோவன் சொன்னார்: "அதுக்குத்தாம்மா அவங்ககிட்ட துட்டு கேக்கறோம். ஆராய்ச்சிக்கும் சேத்துக் குடுக்கச் சொல்லு."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மறு வருஷமும் நிதி வந்தது. தன்னால்தான் வந்தது என்று இளங்கோவன் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனால் நாடகத்தைத் திருத்திவிட்டார்கள். மருந்து இல்லையென்று அவரே வாயால் ஒத்துக்கொண்ட பிறகு, கிருமி எந்தக் காரணம் கொண்டும் சாகக் கூடாது என்று லாவண்யா கண்டிப்பாகச் சொன்னாள்.

"வாய வச்சிக்கினு சும்மா கெடந்திருந்தா, இன்னும் நாலு எடத்துல செத்திருப்பேன்," என்று அஞ்சலையிடம் புலம்பினார் இளங்கோவன்.